வெள்ளிக் கெண்டைக்கு வைத்த ஊசி

சட்டைப் பைக்குள் போன் இன்னும் அடிக்கவில்லை. அடிக்காமலே நெஞ்சின் மேல் சூடாகக் கிடக்கிறது, இல்லை, சூடு என்னுடையதுதான், ராத்திரி முழுக்கக் கண் முழித்துவிட்டுத் தூங்காமல் மீன் மார்க்கெட்டில் வந்து குந்தினால் உடம்பு இப்படித்தான், உள்ளே குளிரும், மேலே காயும். லூர்து மேரி அரிவாள்மனையிலிருந்து அடுத்த தலையை என் பக்கம் உருட்டிவிட்டாள். கட்லா, பெரிய தலை, தனியாக வந்த பிறகும் வாய் ஒரு தடவை திறந்து மூடியது, ஏதோ சொல்ல வந்து வேண்டாமென்று விட்ட மாதிரி. "ஊசிக்காரரே, சீக்கிரம் பாருங்க, மூளை இல்லாத தலைய எவன் வாங்குவான்னு ஏற்கெனவே கேக்குறானுவ." மூளையை நான் எடுப்பதில்லை லூர்து, எத்தனை தடவை சொல்லியாயிற்று, மூளையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிடுகிறேன், எனக்கு வேண்டியது அதற்குக் கீழே இருக்கிறது. கண்ணுக்கு மேலே சாய்வாக ஒரு வெட்டு, மண்டை ஓட்டுத் துண்டைப் பெயர்த்து, கொழுப்பைப் பஞ்சால் ஒற்றி, மூளையை மெதுவாகப் பின்பக்கம் மடித்தால் அடியில் எலும்பில் ஒரு சின்னக் குழி, குழிக்குள் மெல்லிய சவ்வு போர்த்திக்கொண்டு ஒரு வெள்ளைப் பொட்டு, நொய்யரிசி அளவு கூட இருக்காது. பிட்யூட்டரி. பள்ளிக்கூடத்தில் கபச் சுரப்பி என்று படித்தேன், மூக்கில் ஒழுகும் சளி அங்கிருந்து வருகிறது என்று ஒரு காலத்தில் நினைத்தார்களாம். கொள்ளிடக் கரையில் இருக்கிற மீன்குஞ்சுப் பண்ணையில் எனக்கு ராத்திரி வேலை. இந்தப் பொட்டுகளைச் சாராயத்தில் போட்டு வைத்து, அரைத்து, தெளிய வைத்து, சாயங்காலம் தாய் மீனுக்கு ஊசியாகப் போட்டால் விடிவதற்குள் அது முட்டை விடும். செத்த மீனின் தலையிலிருந்து எடுத்தது உயிருள்ள மீனின் வயிற்றைத் திறக்கிறது. இப்போது ரெடிமேடாகக் குப்பியில் மருந்து வருகிறது, எல்லாரும் அதற்கு மாறிவிட்டார்கள், எங்கள் முதலாளி ராவுத்தருக்கு மட்டும் சுரப்பிதான் நம்பிக்கை, அதனால்தான் நான் இங்கே குந்தியிருக்கிறேன், அதனால்தான் என் பெண்டாட்டி தையல் தனியாக லேப்புக்குப் போயிருக்கிறாள். இரண்டாவது தடவை சோதனைக்கு ரத்தம் கொடுக்க. முதல் தடவை வந்த எண்ணை விட இன்றைக்கு ஏறியிருந்தால் பிள்ளை. இறங்கியிருந்தால் ஊசி. அவளுக்கு இரண்டாவதைப் பற்றித் தெரியாது.

அவளுக்குத் தெரியாது என்பதை நினைக்கும்போது கையிலிருக்கிற கிடுக்கி சவ்வில் உரசிவிடுகிறது, சவ்வு கிழிந்தால் சுரப்பி குழைந்துபோகும், மெதுவாக, மெதுவாக. போன வாரம் அந்தச் சாயங்காலம் மட்டும் மதியழகன் வேலைக்கு வந்திருந்தால். மீனைப் பிடிக்கிற ஆள் அவன், மச்சினிச்சி கல்யாணம் என்று போய்விட்டான், தொட்டியில் வெள்ளிக் கெண்டை தயாராக இருக்கிறது, தள்ளிப்போட்டால் சினை வீணாகும், அதனால் தையலை வரச் சொன்னேன். அவள் பண்ணைக்கு வருவதே அபூர்வம். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஈரத் துணியில் மீனைச் சுற்றி, தலையைத் தன் வயிற்றில் சாய்த்து, கண்ணை உள்ளங்கையால் மூடினாள், கண்ணை மூடினால் மீன் அடங்கும், நான் சொல்லித் தரவில்லை, அவளாகச் செய்தாள். வெள்ளிக் கெண்டை மட்டும் வெறும் சுரப்பிச் சாற்றுக்கு மசியாது. அதற்கு எச்சிஜி என்கிற ஹார்மோன் வேண்டும், மருந்துக் கடையில் வாங்கிய குப்பி, பொடியாக இருக்கும், தண்ணீர் விட்டுக் கலக்க வேண்டும். ஊசியைச் செதிலுக்கடியில் கொடுத்துக் கட்டை விரலால் அழுத்தத் தொடங்கினேன், மீன் ஒரு உதறு உதறியது, ஊசி வெளியே வந்தது, என் விரல் அழுத்திக்கொண்டே இருந்தது. விரலுக்கு எப்படித் தெரியும், அது பாதி வேலையில் இருந்தது. தையல் "ஸ்" என்றாள். அவளுடைய கட்டை விரலுக்கடியில் இருக்கிற சதைமேட்டில் ஊசி நின்றிருந்தது, குழாயில் மருந்து பாதிக்குக் கீழே போயிருந்தது. தண்ணீரில் கையை அலம்பிவிட்டு அவள் சிரித்தாள். "என்னங்க, நானும் விடியறதுக்குள்ள முட்டை விட்டுடுவேனா?" நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு மீனுக்கு மறுபடி கலக்கினேன். அப்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை, அதுதான், ஊசி குத்தினால் சீழ் பிடிக்குமே என்று மட்டும் தோன்றியது, மஞ்சள் வைத்துக்கொள் என்று சொன்னேன். எதற்கு மஞ்சள்.

"இது என்னாய்யா, மீனுக்கு போஸ்ட்மார்ட்டமா?" வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் பையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். லூர்து நிமிராமலே சொன்னாள், "ஆமாங்கய்யா, எப்படி செத்துச்சுன்னு பாக்குறாரு. நாந்தான் கொன்னேன்னு யாரும் சொல்லிடாதீங்க." அவர் சிரிக்கவில்லை. "எனக்குத் தலை முழுசா வேணும்." "முழுசுதான், இதப் பாருங்க, மேல ஒரு ஜன்னல் வச்சிருக்கு, அவ்ளோதான், கொழம்புக்கு மசாலா உள்ள எறங்கும்." ஜன்னல். தையலின் தலைக்கும் ஜன்னல் வைக்க வேண்டியிருக்கும் என்று ஒரு காலத்தில் பயந்தோம், ஜன்னல் வைக்காமலே மூக்கு வழியாகப் போய் எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார், கடைசியில் எடுக்கவே வேண்டியிருக்கவில்லை, மாத்திரையிலேயே சுருங்கிவிட்டது. கல்யாணமாகிக் கொஞ்ச வருஷத்தில் அவளுடைய ரவிக்கை நனைந்திருந்தது. வியர்வை என்று நினைத்தாள். பிறகு பால் என்று தெரிந்தது, பிள்ளை இல்லாதவளுக்குப் பால். ஒரு வாரம் அவள் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமும். அவளுடைய சித்தி பார்த்துவிட்டுப் பிள்ளையை மறைத்து வைத்திருக்கிறாளா கலைத்துவிட்டாளா என்று தெரு முழுக்கக் கேட்டுவிட்டாள். இதே பொட்டுதான், மனுஷத் தலையில் பட்டாணி அளவு, அதில் ஒரு சின்னக் கட்டி, அது புரோலாக்டினை ஊற்றிக்கொண்டே இருந்தது. பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சொல்கிற சரக்கு அது, அது மிதமிஞ்சி இருக்கும்போது உடம்பு ஏற்கெனவே கைப்பிள்ளை இருப்பதாக நம்பிக்கொண்டு அடுத்த கருவுக்குக் கதவைச் சாத்திவிடும். டாக்டர் சொன்னதை நான் பிறகு அட்டையில்லாத ஒரு நர்சிங் புத்தகத்தில் எழுத்துக்கூட்டிப் படித்துச் சரிபார்த்தேன், ராத்திரி வேலையில் தண்ணீர்ச் சத்தத்தைத் தவிர துணையில்லை, படிக்கிறதைத் தவிர என்ன செய்வது. படித்து என்ன ஆயிற்று. பயப்படுவதற்குப் பெயர்கள் கிடைத்தன, அவ்வளவுதான். பண்ணைக்குப் போகிற வழியில் ஒரு ஆலமரம் இருக்கிறது, மாடு கன்று போட்டால் விழுகிற நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுருட்டிச் சாக்கில் கட்டி அதில் தொங்கவிடுவார்கள், மரத்தின் பால் மாட்டுக்கு வரும் என்று. சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வரும்போது அந்த இடத்தில் மட்டும் தையல் பேச்சை நிறுத்திவிடுவாள். நான் நாற்றத்துக்காக மூக்கை மூடிக்கொள்கிறாள் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் திரும்பிப் பார்த்தபோது அவள் மூட்டைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு வந்தாள், மூக்கில் கை இல்லை.

கட்டி சுருங்கிய பிறகு ஊசிகள் ஆரம்பித்தன. கருமுட்டை வளர ஒரு ஊசி, அது உடைந்து வெளியே வர ஒரு ஊசி, அந்த இரண்டாவது ஊசி எச்சிஜி, அவளுடைய வயிற்றில் தொப்புளுக்குப் பக்கத்தில் போடுவார்கள், அங்கே பச்சை பச்சையாகக் கன்றிப்போகும். ஊசி போட்ட பிறகு நர்ஸ் ஒவ்வொரு தடவையும் சொல்வாள், அவசரப்பட்டு வீட்டில் சோதனை பண்ணாதீங்க, இந்த மருந்தே கோடு காட்டும், ஏமாந்துபோவீங்க என்று. சொன்னாள், என்னிடம் சொன்னாள், தையல் அப்போது உள்ளே படுத்திருந்தாளா, இல்லை பக்கத்தில் நின்றாளா, எவ்வளவு யோசித்தாலும் அந்த இடம் மட்டும் தெளியவில்லை. அப்புறம் ஒருநாள் டாக்டர், போதும்மா, தலையிலிருந்து வருகிற எஃப்எஸ்எச் ஹார்மோன் ரொம்ப ஏறிவிட்டது என்றார். ஏறினால் நல்லதுதானே சார் என்று கேட்டேன், இல்லைங்க, சினைப்பை காது கேக்காமப் போச்சு, அதனால மேலேருந்து கத்திக் கத்திக் கூப்பிடுது என்றார். வீட்டுக்கு வந்து தையல், "எம் மாமியாரும் அப்படித்தான் கத்துவாங்க, நானும் அப்படித்தான் கேக்காத மாதிரி இருப்பேன்" என்றாள். அதோடு ஊசிகள் முடிந்தன. அதற்குப் பிறகு அவளுக்கு மாதம் தப்புவது சகஜம், இரண்டு மாதம் வரும், மூன்று மாதம் வராது. அப்படி வராத ஒரு மாதத்தில்தான் வெள்ளிக் கெண்டை உதறியது. உதறிச் சில நாளில், நான் வேலை முடிந்து வந்து கொல்லைக் கதவைத் திறந்தால் அவள் வெளிச்சத்துக்கு நேராகக் கர்ப்பம் பார்க்கிற அந்தச் சின்னப் பட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு கோடு. எத்தனையோ வருஷம் ஒற்றைக் கோட்டையே பார்த்த கண்ணுக்கு இரண்டாவது கோடு ஏதோ அச்சுப் பிழை மாதிரி இருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் என்ன முகம் வைத்திருந்தேன் என்று எனக்குத் தெரியாது. முதலில் எனக்கு ஊசி நினைவுக்கு வரவேயில்லை, அதை யாரிடமும் சொல்ல முடியாது, ஒரு மூச்சு இழுக்கிற நேரம் நான் அப்பன். மூச்சை விடும்போது அவளுடைய கட்டை விரலுக்கடியில் மறையாமல் இருந்த நீலம் தெரிந்தது.

சொல்லியிருக்கலாம். தையல், அது குப்பி மருந்து, என்று நான்கு வார்த்தை. ஆனால் மாதம் தப்பியிருந்ததும் உண்மைதானே, ஊசிக்கு முன்னாலேயே தப்பியிருந்ததே, அப்படியானால் இரண்டும் உண்மையாக இருக்கலாமே, ஊசியும் பிள்ளையும், கோடு யாருடையது என்று கோட்டுக்குத் தெரியாதே. அந்த மருந்தைக் கர்ப்பிணிகளுடைய சிறுநீரிலிருந்துதான் எடுக்கிறார்கள். கரு ஒட்டிக்கொண்டதும் அதற்கு நஞ்சுக்கொடியாகப் போகிற பகுதி முதல் வேலையாக இதைத்தான் அனுப்புகிறது, நான் வந்துவிட்டேன், இந்த மாதம் கதவைத் திறக்காதே என்று. எந்த ஊரோ, எந்தப் பெண்களோ, அவர்கள் வயிற்றுப் பிள்ளைகள் சொல்லியனுப்பிய சேதி பொடியாகிக் குப்பியில் அடைபட்டு, மீனுக்கென்று வந்து, வழிதவறி என் பெண்டாட்டியின் கைக்குள் போய்விட்டது. யாருக்கோ வந்த தபாலை அவள் தனக்கென்று பிரித்துப் படித்துக்கொண்டு நிற்கிறாள். ஊசியைப் பற்றிச் சொல்லாமல் லேப்புக்கு அழைத்துப்போனேன். எண் கொஞ்சமாகத்தான் வந்தது, அங்கிருந்த பெண், ரெண்டு நாள் கழிச்சு வாங்கம்மா, நிஜமா இருந்தா ரெட்டிப்பா ஆகும் என்றாள். நிஜமா இருந்தா. அந்த இரண்டு நாளும் நான் மாதுளம்பழம் வாங்கிப்போனேன், எதற்கு வாங்கினேன், வாங்காமல் போனால் அவள் கண்டுபிடித்துவிடுவாளோ என்று. அவளும் உரித்து உரித்துத் தின்றாள், பாதியை எனக்கு வைத்தாள். ராத்திரி தொட்டிக்கரையில் உட்கார்ந்து நான் என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் தவித்தேன். ஏற வேண்டும் என்று வேண்டினால், ஏறினால் என்ன, கர்ப்பத்தில் அந்தச் சுரப்பி தானாகவே வீங்கும், நல்ல தலையிலேயே வீங்கும், இவளுக்கு உள்ளே சுருங்கிக் கிடக்கிற பழைய கட்டி கூடச் சேர்ந்து பெருத்தால் மேலே ஓடுகிற கண் நரம்பை அழுத்தும், பக்கவாட்டுப் பார்வை முதலில் போகும். இதோ, இந்தத் தலையில் அதே நரம்பு, வெள்ளையாக, இரண்டும் குறுக்கே ஒன்றையொன்று தாண்டுகிறது, சுரப்பியை எடுக்க முதலில் இதைத்தான் நறுக்க வேண்டும், தினம் நறுக்குகிறேன், இன்றைக்கு நறுக்க முடியவில்லை. நாற்பத்துச் சொச்சம் வயசில் கண் மங்கிய தையல் பிள்ளையைத் தடவித் தடவிப் பால் கொடுப்பது தெரிகிறது. வேண்டாம் சாமி, இறங்கட்டும் என்றால், பட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற அவள் முகம் தெரிகிறது. இரண்டையும் மாற்றி மாற்றி வேண்டிக்கொண்டதில் விடிந்துவிட்டது, தொட்டியில் மீன் முட்டை விட்டதைக் கூட நான் கவனிக்கவில்லை. காலையில் நானும் லேப்புக்கு வருகிறேன் என்றேன். "நீங்க வந்து என்ன பண்ணப் போறீங்க, பெஞ்சில உக்காந்து தூங்கி வழிவீங்க. மார்க்கெட்டுக்குப் போங்க, பெரிய மீனு வர்ற நாளு" என்றாள். வாசலில் நின்று செருப்பை மாட்டும்போது அவள் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மயக்கமா. பார்வையா. செருப்பு மாட்டுகிற எல்லாரும் சுவரைப் பிடித்துக்கொள்வார்கள்.

"என்னாச்சு, ஒரு தலையிலயே குடும்பம் நடத்துறீங்க?" லூர்து பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "எம் புருஷன் தலையிலயும் அப்படி ஒண்ணு இருக்குமா? இருந்தா சொல்லுங்க, எடுத்துட்டே போயிடுங்க." இருக்கும் லூர்து, எல்லாருக்கும் இருக்கிறது. நரம்பை நறுக்கினேன், மூளையை மடித்தேன், சவ்வுக்கடியில் கிடுக்கியைக் கொடுத்துப் பொட்டைத் தூக்கினேன், முழுசாக வந்தது, சாராயப் புட்டியின் வாய்க்கு மேலே கொண்டுபோகும்போது போன் அடித்தது. கிடுக்கி வலது கையில், இடது கை முழுக்கச் செதில், எப்படியோ எடுத்துக் காதில் இடுக்கினேன். அவள் பக்கத்தில் லேப்பின் இரைச்சல் இல்லை, எங்கள் வீட்டுக் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. "தையல்?" "ம்." "எண் வந்துருச்சா?" "நான் ரத்தம் குடுக்கல. பாதி வழியில எறங்கித் திரும்பிட்டேன்." "ஏன், தலை சுத்துச்சா? கண்ணு எதும்..." "அதெல்லாம் இல்ல. இன்னைக்கு விடியக்காலையில பாத்தேங்க. ஒரு கோடுதான் இருக்கு." போனைத் தோளால் காதோடு இன்னும் இறுக்கிக்கொண்டேன். "நேத்து லேசா இருந்துச்சு, ஜன்னல்கிட்ட வச்சுப் பாத்தாத்தான் தெரிஞ்சுச்சு. முந்தாநேத்து அதவிட நல்லா. தெனம் பாத்தேன்." "தையல், அந்த ஊசி..." "தெரியும்." குழாய் சொட்டியது. "அந்த டப்பாவ எனக்குத் தெரியாதா? எத்தன குப்பி எடுத்துக் குடுத்திருக்கேன் நர்ஸம்மாகிட்ட. குத்துனப்பவே தெரியும். சரி, கோடு காட்டும்னு சொல்வாங்களே, ஒரு தடவ பாத்தா என்னன்னு தோணுச்சு. ரெண்டு கோடு எப்படித்தான் இருக்கும்னு. பாத்துட்டுத் தூக்கிப் போட்டுடலாம்னுதான் நின்னேன். நீங்க அன்னைக்கின்னு பாத்து சீக்கிரம் வந்துட்டீங்க." "என்கிட்ட சொல்லியிருக்கலாமே." கேட்ட பிறகுதான் அதைக் கேட்க நான் யார் என்று உறைத்தது. "சொல்லத்தான் வாயத் தொறந்தேன். நீங்க ஒரு முகம் வச்சிருந்தீங்க. அந்த முகத்த நான் பாத்ததே இல்ல. சரி, ரெண்டு நாள் இருந்துட்டுப் போவட்டும்னு விட்டுட்டேன். மாதுளம்பழம் வேற வாங்கிட்டு வந்தீங்க."

கிடுக்கியில் பார்த்தேன், பொட்டு இல்லை, நசுங்கி முனையில் ஈரமாக ஒட்டியிருந்தது, எப்போது அழுத்தினேன் என்று தெரியாது, இந்த விரல் எப்போதும் இப்படித்தான். அப்படியானால் நான் எந்த முகத்தை வைத்திருந்தேன், ஊசி நினைவுக்கு வருவதற்கு முந்தின அந்த ஒரு மூச்சு முகத்தையா அவள் இத்தனை நாள் காப்பாற்றினாள், அவள் முகத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நான் மாதுளம்பழம் சுமந்தேன். "இருக்கீங்களா?" "இருக்கேன்." "வரும்போது மீன் வாங்கிட்டு வாங்க. அந்த வாசனை ஆகாதுன்னு நீங்களா ரெண்டு மூணு நாளா நிறுத்திட்டீங்க. எனக்கு நாக்கு செத்துப்போச்சு." "என்ன மீன்?" "எதுவா இருந்தா என்ன. தலை வேணாம்." சரி என்றேன். போனைச் சட்டைப் பைக்குள் நழுவவிட்டேன், செதில் கையால் எந்தப் பொத்தானை அழுத்துவது, கிடுக்கியைப் பஞ்சில் துடைத்தேன், துடைத்த பஞ்சை எங்கே போடுவதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன். லூர்து அரிவாள்மனையில் தண்ணீரை ஊற்றிக் கழுவிக்கொண்டே என்னைப் பார்த்தாள், எதையும் கேட்கவில்லை, வாயாடிக்கும் சில சமயம் தெரிந்துவிடுகிறது. "நமக்கு ரெண்டு நடுத்துண்டு போடுங்க லூர்து." "தலை?" "தலை வேணாம்." "கேட்டீங்களாடி," என்று அவள் பக்கத்துக் கடைக்காரிகளைப் பார்த்துச் சொன்னாள், "ஊசிக்காரருக்கே தலை வேணாமாம்." அவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கின பிறகும் ஒரு சத்தம் மிச்சமிருந்தது, சின்னதாக, விட்டு விட்டு, என் சட்டைப் பைக்குள்ளிருந்து. அவள் இன்னும் போனை வைக்கவில்லை. அவளும் சிரிக்கிறாளா வேறு எதுவுமா என்று தெரியவில்லை. எடுத்துப் பார்க்காமல், நெஞ்சோடு அதைக் கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, லூர்து மீனை அறுத்து முடிக்கும்வரை அப்படியே குந்தியிருந்தேன்.